கற்காரைப் பாலத்தளங்கள்: சோதனையும் கூட்டுப்பொருள் செப்பனிடலும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பாலம் என்றவுடன் தூண்களும் வளைவுகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஊர்திகளின் சக்கரம் நேரே படுவது தளத்தின்மீதுதான். வெயிலும் மழையும் உப்பும் முதலில் தாக்குவதும் தளத்தையே. எனவே பாலத்தின் உறுப்புகளுள் முதலில் முதுமை எய்துவது பெரும்பாலும் தளமே எனலாம். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இத்தளங்களையும் அவற்றைத் தாங்கும் உத்தரங்களையும் செப்பனிடுவதற்கு இழைக் கூட்டுப்பொருள்கள் பயன்படத் தொடங்கின. எஃகு துருப்பிடிக்கும், இழைக் கூட்டுப்பொருள் துருப்பிடிக்காது, ஆகவே பழையதன் இடத்தைப் புதியது பெற்றது என்று இம்மாற்றம் பொதுவாக எடுத்துரைக்கப்படுகிறது.

இவ்வுரை முழுமையானதன்று. புதிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும் பாலங்களின் நோய் தீர்ந்துவிடவில்லை. பயன்பாட்டில் இருக்கும் பாலத்தைத் தட்டியும், அதன்மீது பாரம் ஏற்றியும், அதிலிருந்து துண்டு வெட்டி எடுத்தும் சோதித்தறிந்த போதெல்லாம் பொறியியலார் கொண்டிருந்த கருத்துகள் மாறின. கூட்டுப்பொருள் நம்பிக்கை பெற்றதும் அத்தகைய சோதனைகளால்தான். சோதனை முன்னும் செப்பம் பின்னுமாக அமைந்த இவ்வரலாற்றைச் சுவிட்சர்லாந்து, கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், இந்தியா ஆகிய நாடுகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

காங்கிரீட் என வழங்கும் பொருளைக் கற்காரை எனத் தமிழ்ப் பொறியியல் நூல்கள் குறிக்கின்றன. சிமெண்டு, மணல், சல்லி, நீர் ஆகியவற்றின் சேர்க்கையான இது அமுக்கத்தைத் தாங்கவல்லது. இழுவிசைக்கு எளிதில் வெடித்துவிடும். அக்குறையை நீக்க உள்ளே எஃகுக் கம்பி பதிக்கப்படுகிறது. கம்பியை முன்னரே இழுத்து முறுக்கேற்றிக் கற்காரையை அமுக்கத்தில் நிறுத்துவது முன்தகைவு எனப்படும்.

தனித்தனிப் பொருள்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் தன் இயல்பை இழக்காமலே மற்றதன் குறையை நிரப்பும் சேர்க்கை கூட்டுப்பொருள் ஆகும். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து சுவர் எழுப்பும் வழக்கம் இதன் பழைய வடிவம். இக்கட்டுரையில் கூட்டுப்பொருள் என்பது கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையை எப்பாக்சி, வினைல் எஸ்டர் போன்ற பிசின்களில் தோய்த்து இறுக்கிய கம்பி, தகடு, தாள், வலை ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இழுவலிமையில் இவை சாதாரணக் கட்டுமானக் கம்பியைவிட உயர்ந்தவை. ஆனால் இரண்டு இயல்புகள் கருதத்தக்கவை. முதலாவது, கண்ணாடி இழைக் கம்பியின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ஆகவே அதே பாரத்திற்கு அது மிகுதியாக நீளும். இரண்டாவது, எஃகு முறிவதற்கு முன் நெடிது நீண்டு எச்சரிக்கை தரும். இழைக் கூட்டுப்பொருளோ இறுதிவரை நெகிழாமல் நின்று திடீரென முறியும். புதிய பொருளைப் பற்றிய ஐயங்கள் பலவும் இவ்விரண்டு இயல்புகளிலிருந்தே பிறந்தன.

கம்பியும் உப்பும்

பிரான்சு நாட்டின் சோசெஃப் மோனியே 1867ஆம் ஆண்டு, கம்பிவலை பதித்த சிமெண்டுத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1875ஆம் ஆண்டு அந்நாட்டின் சசெலே என்னும் இடத்தில் அவர் அமைத்த சிறு பாலமே கம்பி பதித்த கற்காரைப் பாலங்களுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. கற்காரையின் காரத்தன்மை எஃகின்மீது மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது; அப்படலம் உள்ளவரை கம்பி துருப்பிடிப்பதில்லை. இதனால் கற்காரைக்குள் புதைந்த கம்பிக்கு அழிவில்லை என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நம்பிக்கை தளர்ந்தது. வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் சாலைகளில் உறையும் பனியை உருக்க உப்புத் தூவும் வழக்கம் பெருகியது. உப்பிலுள்ள குளோரைடு வெடிப்புகள் வழியாகவும் நுண்துளைகள் வழியாகவும் இறங்கிக் கம்பியை அடைந்தது; காப்புப் படலத்தை உடைத்தது. துரு தான் தோன்றிய எஃகைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. அது உள்ளிருந்து தள்ளும்போது கம்பிக்கு மேலுள்ள கற்காரை ஓர் அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. சாலையின் மேற்பரப்பு நன்றாகத் தோன்றும். அடியில் இடைவெளி வளர்ந்துகொண்டிருக்கும். தளத்தின் நோயினது முதன்மை இயல்பு இம்மறைவே ஆகும்.

இதற்குக் கண்ட மாற்றுகளுள் ஒன்று எப்பாக்சி பூசிய கம்பி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு பாலத்தளம் ஒன்றில் இது முதன்முதலாக இடப்பட்டது. விரைவில் நாடெங்கும் பரவியது. ஆனால் 1986ஆம் ஆண்டு ஃபுளோரிடா கீசு தீவுத் தொடரின் கடற்பாலங்களில், கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன தூண்களில், எப்பாக்சி பூசிய கம்பிகளும் துருப்பிடித்திருந்தமை தெரியவந்தது. ஆய்வகத்தில் தேறிய பொருள் கடற்காற்றில் தேறவில்லை. இந்நிகழ்வு பின்வந்த கூட்டுப்பொருள் ஆய்வாளர்களுக்கு எச்சரிக்கையாக அமைந்தது.

தட்டிப் பார்க்கும் கலை

மறைந்துள்ள நோயை அறிவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு எழுந்த விடைகளுள் மிகப் பழையது ஓசை. சந்தையில் மண்பானை வாங்குவோர் அதைச் சுண்டிப் பார்ப்பது போலவே, பாலத்தளத்தைச் சுத்தியலால் தட்டியும் அதன்மீது சங்கிலியை இழுத்துச் சென்றும் ஓசை கேட்டனர். திண்மையான இடத்தில் கணீரென்ற ஓசையும் அடுக்குப் பிரிந்த இடத்தில் பொள்ளலான ஓசையும் எழும். எளிய இம்முறை இன்றளவும் வழக்கில் உள்ளது.

கருவிவழிச் சோதனைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றின. சுவிட்சர்லாந்தின் எர்ன்சுட் சிமித் 1948ஆம் ஆண்டளவில் உருவாக்கிய எதிர்த்துள்ளல் சுத்தியல், மோதித் திரும்பும் அளவைக் கொண்டு மேற்பரப்பின் கடினத்தைக் காட்டியது. மீயொலி அலை கற்காரையைக் கடக்கும் வேகத்தை அளக்கும் முறை அதே காலத்தில் கனடாவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தது. இவை கற்காரையின் நிலையை உரைத்தன. கம்பியின் நிலையை உரைக்கவில்லை.

கம்பியின் நிலையை அறியும் வழியைக் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையின் ரிச்சர்டு சிட்ராட்ஃபுல் காட்டினார். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. எனவே கம்பிக்கும் மேற்பரப்பில் வைத்த செம்பு–செம்புச் சல்பேட்டு அரைமின்கலத்திற்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை அளந்து, வினை நிகழும் இடத்தை ஊகிக்கலாம் என்பதை 1950களில் சான்பிரான்சிசுகோ விரிகுடாவின் பாலம் ஒன்றில் அவர் செய்த ஆய்வுகள் புலப்படுத்தின. 1977ஆம் ஆண்டு இம்முறை அமெரிக்கத் தர ஆவணமாயிற்று. அளவீடு எதிர்மின் திசையில் 350 மில்லிவோல்ட்டைக் கடந்தால் துரு நிகழ்வதற்கான வாய்ப்பு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எனக் கொள்ளப்பட்டது.

இதற்கிடையே 1967ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள் ஒகையோ ஆற்றின்மீது இருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் மாண்டனர். அது எஃகுத் தொங்குபாலம். சங்கிலியின் ஓர் இணைப்பில் வெளியே தெரியாமல் வளர்ந்த வெடிப்பே காரணம். கற்காரைத் தளத்தோடு நேர்த்தொடர்பு இல்லாவிடினும் இவ்விபத்தே பாலச் சோதனையைச் சட்டக் கடமையாக்கியது. 1971ஆம் ஆண்டு அமெரிக்கா தேசியப் பாலச் சோதனை நெறிகளை வகுத்தது. பொதுச்சாலைப் பாலங்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்வையிடுவது பொது விதியாயிற்று. பார்வையிடத் தொடங்கிய பின்னரே தளங்களின் சீர்கேடு எவ்வளவு பரவலானது என்பது அரசுகளுக்குத் தெரிந்தது.

எஃகுத் தகட்டிலிருந்து இழைத்தகடு வரை

வலிமை குன்றிய கற்காரை உறுப்பின் அடிப்பரப்பில் எஃகுத் தகட்டை எப்பாக்சியால் ஒட்டும் முறை 1960களில் தென்னாப்பிரிக்காவிலும் பிரான்சிலும் தோன்றியது. உடைத்துக் கட்டாமல் வலுவூட்டும் வழியாக அது வரவேற்பைப் பெற்றது. ஆனால் தகடு கனமானது. தூக்கிப் பிடிக்கச் சாரம் வேண்டும். நீண்ட தகடுகளைக் கையாள இயலாது. பசைக்கும் எஃகுக்கும் இடையே துரு தோன்றினால் ஒட்டு விலகும். சுவிட்சர்லாந்தில் தூபென்டோர்ஃப் நகரிலுள்ள கூட்டாட்சிப் பொருட்சோதனை ஆய்வு நிறுவனத்தில் உர்சு மையர் தலைமையிலான குழு, எஃகுக்கு மாற்றாகக் கார்பன் இழைத்தகட்டை 1980களில் ஆராய்ந்தது. அதுவரை வானூர்திக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் உரியதாயிருந்த பொருளைப் பாலத்திற்குக் கொணரும் எண்ணம் அக்காலத்தில் விலை மிகுந்த கற்பனையாகவே பலருக்குத் தோன்றியது. கார்பன் இழைத்தகட்டின் விலை எடைக்கு எடை எஃகின் விலையைப் போல் பன்மடங்காக இருந்தது.

அவ்வையத்தை அகற்றியது லூசர்ன் நகருக்கு அருகிலுள்ள இபாக் பாலம். 1969ஆம் ஆண்டு கட்டப்பட்ட, 228 மீட்டர் நீளமுள்ள இப்பாலத்தில் போக்குவரத்துச் சைகை விளக்குகளைப் பொருத்தத் துளையிட்டபோது, முன்தகைவுக் கம்பித் தொகுதி ஒன்றின் கம்பிகள் தவறுதலாக அறுபட்டன. 1991ஆம் ஆண்டு அவ்விடத்தில் மூன்று கார்பன் இழைத்தகடுகள் ஒட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டருக்கு மிகாத தடிப்பும் உடையது. பயன்பட்ட கூட்டுப்பொருளின் மொத்த எடை 6.2 கிலோகிராம். எஃகுத் தகடாயின் 175 கிலோகிராம் தேவைப்பட்டிருக்கும். பாலத்தின் கீழே நெடுஞ்சாலை சென்றமையால் பணிகள் இரவில் நிகழ்ந்தன. சாரம் கட்டாமல் ஏற்றமேடை ஊர்தியில் நின்றே தகடுகள் ஒட்டப்பட்டன. பொருளின் விலை கூடினும் கூலியும் சாரமும் காலமும் குறைந்தமையால் மொத்தச் செலவில் எஃகுடன் போட்டியிட முடிந்தது.

இபாக் பாலத்தின் வரலாற்றில் ஒட்டுதலுக்கு இணையான இடம் அதன்பின் நிகழ்ந்த சோதனைக்கு உண்டு. 84 டன் எடையுள்ள ஊர்தியைப் பாலத்தின்மீது நிறுத்தி அதன் வளைவு அளக்கப்பட்டது. செப்பனிட்ட பாலம் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது. உலகின் பிற பகுதிகளுக்குக் கார்பன் இழைத்தகட்டைக் கொண்டுசென்றது இவ்வளவீட்டின் சான்றே எனலாம்.

தளம் வளைவாக நிற்றல்

ஒட்டிச் செப்பனிடுதல் ஒரு கிளை. தளத்தின் உள்ளிருந்து எஃகையே நீக்குதல் மற்றொரு கிளை. அது கனடாவில் வளர்ந்தது. அதன் வேர் ஒரு பழைய சோதனையில் உள்ளது. தென்னாப்பிரிக்காவின் சோகானசுபர்க் நகரில் இடிக்கப்படவிருந்த பல்மருத்துவமனைக் கட்டடத்தின் தளங்களை ஆக்கில்சுடன் என்னும் பேராசிரியர் உடையும்வரை பாரம் ஏற்றிச் சோதித்தார். 1955ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். கோட்பாடு கணித்த சுமையைப் போல் இரு மடங்குக்கும் மேலான சுமையைத் தளம் தாங்கியது. சுற்றிலும் உள்ள பகுதிகள் இறுகப் பிடித்திருப்பதால் தளத்தின் தடிப்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத வளைவு ஒன்று தோன்றிப் பாரத்தை அமுக்கமாகப் பக்கங்களுக்குக் கடத்துகிறது என்பது அவர் தந்த விளக்கம். தட்டையான பலகைபோல் வளைந்து தாங்குவதாகக் கருதப்பட்ட தளம், உண்மையில் பழைய கல்வளைவைப்போல் நின்றது.

1970களில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பயன்பாட்டிலிருந்த பாலங்களின்மீது நிகழ்ந்த சோதனைகள் இதே உண்மையைப் பாலத்தளத்திற்கும் உறுதி செய்தன. சக்கரப் பாரம் தளத்தை வளைத்து முறிப்பதில்லை. மிக உயர்ந்த பாரத்தில் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. ஆகவே வளைவைத் தடுப்பதற்கென இடப்படும் கம்பியின் பெரும்பகுதி தேவையற்றது என்பது புலனாயிற்று. 1979ஆம் ஆண்டின் ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் பால வடிவமைப்பு விதி, வரையறுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட தளங்களில் 0.3 விழுக்காடு கம்பியே போதும் எனக் கூறியது. துருப்பிடிக்கும் பொருளின் அளவே குறைந்தமையால் தளத்தின் நோய்க்கு இஃது ஒரு மருந்துமாயிற்று.

அஃப்தாப் முஃப்தி, பைதர் பக்த், லெசுலி யேகர் ஆகியோர் அடுத்த வினாவை எழுப்பினர்: தளம் வளைவாக நிற்குமாயின் உள்ளே எஃகு எதற்கு? வளைவு பக்கவாட்டில் உதைக்கும். அவ்வுதைப்பைத் தாங்க இழுகட்டு ஒன்றே வேண்டும். அக்கட்டு கற்காரைக்குள் இருக்க வேண்டுவதில்லை. உத்தரங்களின் மேல்விளிம்புகளைக் குறுக்கே பிணைக்கும் பட்டைகளாகத் தளத்திற்கு அடியில் வெளியே இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் நோவா சுகோசியாவில் நிகழ்ந்த ஆய்வகச் சோதனைகளில், பட்டைகளால் பிணைத்த மாதிரித் தளம் பிணைக்காத தளத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலான பாரத்தைத் தாங்கியது. 1995ஆம் ஆண்டு அம்மாகாணத்தின் சால்மன் ஆற்றுப் பாலத்தில் உள்ளே எஃகுக் கம்பி இல்லாத, குறுநீளப் பாலிபுரோப்பிலீன் இழை கலந்த கற்காரைத் தளம் இடப்பட்டது. குறுக்குப் பட்டைகள் எஃகால் ஆனவை. ஆனால் அவை வெளியே இருப்பவை. துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றவும் இயலும்.

இங்கும் பாலம் ஆய்வாளர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பித்தது. சில ஆண்டுகளில் சால்மன் ஆற்றுப் பாலத்தளத்தில் உத்தரங்களுக்கு நடுவே நெடுக்கு வெடிப்புத் தோன்றியது. பாரந்தாங்கும் திறன் குறையவில்லை. ஆயினும் அகன்ற வெடிப்பைப் பாலத்தின் பொறுப்பாளர்களும் மக்களும் ஏற்கமாட்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் உணர்ந்தனர். அடுத்த தலைமுறைத் தளங்களில் வெடிப்பைக் கட்டுப்படுத்தக் கண்ணாடி இழைக்கம்பி வலை பதிக்கப்பட்டது. வலிமை குறித்த கணக்கு சரியாயிருந்தும், களத்தில் கண்ட வெடிப்பு வடிவமைப்பை மாற்றியது.

ஆய்வகமும் களமும் முரண்படல்

இக்காலத்தில் கனடாவில் பல பாலங்கள் கூட்டுப்பொருளின் சோதனைக்களங்களாயின. கியூபெக் மாகாணத்தின் செர்புரூக் நகரில் துருவால் சிதைந்த சோஃப்ரே பாலத்தின் தளம் 1997ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டபோது, ஒரு பகுதியில் எஃகுக்கு மாற்றாகக் கார்பன் இழைவலை இடப்பட்டது. ஒளியிழை உணர்விகளும் உடன் புதைக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு தொடங்கிய ஐசிசு கனடா என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு இத்தகைய பணிகளை ஒருங்கிணைத்தது.

எனினும் கண்ணாடி இழையைப் பற்றிய கடுமையான ஐயம் ஒன்று எஞ்சியிருந்தது. எஃகைக் காக்கும் அதே காரத்தன்மை கண்ணாடியை அரிக்கவல்லது. கண்ணாடி இழைக் கம்பிகளை உயர்வெப்பக் காரக் கரைசலில் ஊறவைத்த ஆய்வகச் சோதனைகள் அவற்றின் வலிமை வெகுவாகக் குறைவதைக் காட்டின. இக்காரணத்தால் 2000ஆம் ஆண்டின் கனடா நெடுஞ்சாலைப் பால விதி, கண்ணாடி இழைக் கம்பியை முதன்மை வலுவூட்டியாகப் பயன்படுத்த இசையவில்லை. எப்பாக்சி பூசிய கம்பியின் கதையை அறிந்தோர்க்கு இவ்வெச்சரிக்கை நியாயமானதே.

முடிவு காணும் வழி நேரடியானது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் பயன்பாட்டிலிருந்த ஐந்து கட்டமைப்புகளிலிருந்து கற்காரைத் துண்டுகள் குடைந்தெடுக்கப்பட்டன. நோவா சுகோசியாவின் ஆல்சு துறைமுக மேடை, கியூபெக்கின் சோஃப்ரே பாலம், ஒன்டாரியோவின் சாத்தம் பாலம், ஆல்பர்ட்டாவின் குரோசைல்டு டிரெயில் பாலம், பிரிட்டிசு கொலம்பியாவின் வாட்டர்லூ ஓடைப் பாலம் என அவை கனடாவின் கிழக்குக் கடற்கரை முதல் மேற்குக் கடற்கரை வரை பரவியிருந்தன. உறைபனி, உப்பு, கடல்நீர், பெருத்த வெப்பநிலை வேறுபாடு ஆகிய அனைத்தும் இவற்றுள் அடங்கின. பல பல்கலைக்கழகங்களின் பொருளறிவியலார் மின்னணு நுண்ணோக்கி முதலிய கருவிகளால் துண்டுகளை ஆராய்ந்தனர். இழைக்கும் பிசினுக்கும் இடையிலான பிணைப்புக் குலையவில்லை. காரம் கண்ணாடிக்குள் புகவில்லை என்பதே 2005ஆம் ஆண்டளவில் வெளியான முடிவு. உண்மையான கற்காரையில் ஈரம் குறைவு. காரம் இடம்பெயரும் வழியும் குறைவு. கரைசலில் மூழ்கிய கம்பி கண்ட துன்பத்தைக் கற்காரைக்குள் இருந்த கம்பி காணவில்லை.

2006ஆம் ஆண்டின் கனடா விதி தன் முடிவை மாற்றிக்கொண்டது. கண்ணாடி இழைக் கம்பியை முதன்மை வலுவூட்டியாக ஏற்றது. ஆயினும் அன்றாடப் பாரத்தில் அதன் இறுதி வலிமையில் நான்கில் ஒரு பங்குக்குமேல் பயன்படுத்தலாகாது என வரம்பிட்டது. பின்னர் அமெரிக்காவில் 15 முதல் 20 ஆண்டுகள் பயன்பட்ட பதினொரு பாலங்களிலிருந்து எடுத்த துண்டுகளும் சிறு மாற்றங்களையே காட்டின.

எல்லா முயற்சிகளும் இங்ஙனம் வெற்றி பெறவில்லை. கற்காரையையே நீக்கி, முழுத்தளத்தையும் கூட்டுப்பொருட் பலகைகளால் அமைக்கும் முயற்சி அமெரிக்காவின் கான்சசு மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு ஒரு சிறு பாலத்தில் தொடங்கிப் பரவியது. ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 1999ஆம் ஆண்டு ஒரே பாலத்தில் நான்கு வகைப் பலகைகள் ஒப்புநோக்கிற்காக இடப்பட்டன. இணைப்புகளிலும் உத்தரத்தின்மீது பலகை அமரும் இடங்களிலும் மேற்பூச்சிலும் குறைகள் விரைவிலேயே தோன்றின. இழை அழியவில்லை, இழையையும் பாலத்தையும் சேர்க்கும் இடங்களே குறைபட்டன. பொருளின் தரத்தை மட்டும் சோதித்தால் போதாது; பொருளோடு பொருள் சேரும் இடத்தைச் சோதிக்க வேண்டும் என்பதை இப்பாலம் உணர்த்திற்று.

ஒட்டிய தாள் மறைப்பது

ஒட்டுமுறையிலும் இதே பாடம் விதியாக வடிவெடுத்தது. பசை எவ்வளவு வலியதாயினும் ஒட்டின் வலிமை அதன் அடியிலுள்ள கற்காரையின் வலிமைக்கு மேற்படாது. ஆகவே ஒட்டுவதற்கு முன், சிறு வட்டத்தட்டை ஒட்டி இழுத்துப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை வேண்டப்படுகிறது. அமெரிக்கக் கற்காரைக் கழகத்தின் வழிகாட்டி, மேற்பரப்பின் இழுவலிமை குறைந்தது 1.4 மெகாபாசுகல் இருத்தல் வேண்டும் என்கிறது. உள்ளே துரு வளர்ந்துகொண்டிருக்கும் கற்காரையின்மீது தாளை ஒட்டலாகாது எனவும் அது வலியுறுத்துகிறது. துருவை நிறுத்தாமல் ஒட்டிய தாள், நோயைத் தீர்ப்பதில்லை. பார்வையிட வருபவரின் கண்ணிலிருந்து நோயை மறைக்கிறது. வெடிப்பும் கறையும் தாளுக்கு அடியில் சென்றுவிடுகின்றன. ஈரமும் அங்கேயே தங்கிவிடுகிறது.

மற்றுமொரு விதியும் எண்ணத்தக்கது. தீயாலோ சேதத்தாலோ ஒட்டிய தாள் முழுவதும் போய்விட்டாலும், வரையறுத்த குறைந்த பாரத்தைத் தாங்கிக் கட்டமைப்பு நிற்க வேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சிப் பசைகள் 60 முதல் 80 பாகை வரையிலான வெப்பத்தில் இளகத் தொடங்குவன. எனவே தாளைத் துணையாகக் கொள்ளலாம். உயிராகக் கொள்ளலாகாது என்பது இவ்விதியின் பொருள்.

இந்தியச் சூழல்

இந்தியாவின் பெரும்பகுதியில் சாலையில் உப்புத் தூவும் தேவையில்லை. ஆனால் நீண்ட கடற்கரையும் பருவமழையும் அதே வேலையைச் செய்கின்றன. கோவாவில் மாண்டவி ஆற்றின்மீது 1970ஆம் ஆண்டளவில் பயன்பாட்டுக்கு வந்த முன்தகைவுக் கற்காரைப் பாலம் 1986ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் இடிந்தது. உப்புச் சூழலில் முன்தகைவுக் கம்பிகள் அரிக்கப்பட்டமையே காரணமாகக் காணப்பட்டது. பாலம் கண்ட வாழ்வு இருபது ஆண்டுக்கும் குறைவு. முன்தகைவுக் கம்பி அறுபடும்வரை வெளியே அறிகுறி காட்டுவது அரிது என்பதை இந்நிகழ்வு இந்தியப் பொறியியலார்க்கு உணர்த்தியது. மும்பையின் தாணே கடற்கழிப் பாலத்திலும் முன்தகைவுக் கம்பி அரிப்புச் சிக்கல் எழுந்தது.

அதனை அடுத்த காலத்தில் இந்தியச் சாலைப் பேரவை பாலங்களைப் பார்வையிடுதல், பாரத்திறன் கணித்தல், செப்பனிடுதல், பாரம் ஏற்றிச் சோதித்தல் ஆகியன குறித்த வழிகாட்டி நூல்களை 1990களில் அடுத்தடுத்து வெளியிட்டது. மீயொலிச் சோதனைக்கும் எதிர்த்துள்ளல் சுத்தியலுக்கும் இந்தியத் தர நிறுவனம் 1992ஆம் ஆண்டு நெறிகள் வகுத்தது. சென்னையிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் பாலங்களைப் பாரம் ஏற்றிச் சோதிக்கும் பணியில் நெடுங்கால அனுபவம் உடையது. 2000க்குப் பின் கார்பன் இழைத்தாள் ஒட்டும் முறை இந்தியாவிலும் பரவியது. கண்ணாடி இழைக் கம்பிக்கான இந்தியத் தரநெறி 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று.

விதிநூல்கள் வந்தமையால் மட்டும் பாலங்கள் காப்பாற்றப்படுவதில்லை. நாட்டின் நெடுஞ்சாலைப் பாலங்களைப் பட்டியலிட்டு அவற்றின் நிலையைப் பதியும் இந்தியப் பால மேலாண்மை முறைமை 2016ஆம் ஆண்டே தொடங்கியது. 2025ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் குசராத்தில் மகிசாகர் ஆற்றின்மீதிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி விழுந்து பலர் மாண்டனர். 1985ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த பாலம் அது. பாரந்தாங்கும் இணைப்பிடம் நொறுங்கியமை முதற்கட்டக் காரணமாகக் கூறப்பட்டது. தளத்தின்மேல் செல்வோர்க்குப் புலப்படாத இடத்திலேயே கேடு இருந்தது. மாண்டவிக்கும் கம்பீராவுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். செப்பனிடும் பொருள்கள் இக்காலத்தில் வியக்கத்தக்க வளர்ச்சி பெற்றன. உரிய காலத்தில் சோதிக்கும் வழக்கம் அதே அளவில் வளரவில்லை.

கனடாவின் ஐந்து கட்டமைப்புகள் தந்த சான்று இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் எனவும் கொள்ளலாகாது. அங்கே குளிர்; இங்கே வெப்பமும் ஈரமும். வெப்பம் மிகுந்தால் வேதிவினை விரையும். பசை இளகும் எல்லையும் அருகே வரும். 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் போன்று ஆண்டு முழுவதும் உப்புக்காற்றில் நிற்கும் பாலங்களுக்குரிய விடையை இம்மண்ணின் பாலங்களிலிருந்து எடுத்த துண்டுகளே தரவியலும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கற்காரைப் பாலத்தளத்தின் சீர்கேடு மறைவில் வளர்வது. ஆகவே சோதனையே செப்பத்தின் முதற்படி. ஆக்கில்சுடன் பாரம் ஏற்றிய மருத்துவமனைத் தளமும் ஒன்டாரியோவின் பாலங்களும், தளம் எங்ஙனம் நிற்கிறது என்னும் அடிப்படைக் கருத்தையே மாற்றின. எஃகில்லாத் தளம் அதன்பின் வந்தது.

கூட்டுப்பொருளின் ஏற்பு, பயன்பாட்டிலுள்ள கட்டமைப்புகளின் சாட்சியத்தால் அமைந்தது. எப்பாக்சி பூசிய கம்பி ஆய்வகத்தில் வென்று களத்தில் தோற்றது; கண்ணாடி இழைக் கம்பி ஆய்வகத்தில் ஐயத்திற்குள்ளாகிக் களத்தில் தேறியது. இரண்டிலும் இறுதித் தீர்ப்பு உரைத்தது பாலமே.

செப்பனிட்ட பாலம் சோதனையிலிருந்து விடுபட்ட பாலம் அன்று. ஒட்டிய தாளும் புதைத்த இழையும் புதிய மறைவுகளை உண்டாக்குகின்றன. எனவே அவற்றின் பின்னர்ச் சோதனையின் தேவை மிகுகிறதே அன்றிக் குறைவதில்லை.

ஆறு கிலோகிராம் இழைத்தகடு ஒரு பெரும்பாலத்தைக் காத்தது என்பது உண்மை. அறுபட்ட கம்பி எது என்பது முன்னரே தெரிந்திருந்ததும், ஒட்டியபின் 84 டன் ஊர்தியை நிறுத்திப் பார்த்ததும் அவ்வுண்மையின் பிரிக்கவொண்ணாப் பகுதிகள் ஆகும்.